கம்ப்யூட்டர் ரூம் சாவி

"கம்ப்யூட்டர் ரூம் சாவியக் குடுங்க சார்."

கையெழுத்துக்காக மேனேஜர் தனுஷ்கோடி நீட்டிய பேனா நீட்டியபடியே நின்றது. டைப் அடித்து வைத்திருந்த கடிதம் மின்விசிறிக் காற்றில் படபடத்தது. பறந்துவிடாமல் இருக்க அதன் மூலையில் ஒரு நூல் கோனை நிறுத்தி வைத்திருந்தார்.

"என்னம்மா கேட்ட?"

"சாவி சார். மாடியில இருக்க கம்ப்யூட்டர் ரூம் சாவி. உள்ள போயி ஒரு பேப்பரப் பாக்கணும். பாத்துட்டு வந்து, கையெழுத்துப் போடுறேனா இல்லையான்னு சொல்றேன்."

இதைக் கேட்கவே கூடாது என்று ரெஜினாவிடம் இரண்டு பேர் சொல்லியிருந்தார்கள். ஒருவர், எதிரே உட்கார்ந்திருக்கும் இதே தனுஷ்கோடி. கம்ப்யூட்டர் வேலையைக் கொடுத்த அன்றைக்கே சொல்லிவிட்டார். இன்னொருத்தி அவளைப் பெற்றவள். சூசையம்மாள் இந்த மில்லில்தான், கீழே ரீலிங் செக்சனில் நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறாள். மகளுக்கு அந்த வேலை கிடைத்த சந்தோசத்தில் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்த கையோடு அவள் சொன்னது: "குடுத்த எடத்துல உக்காந்து வேலயப் பாரு. அந்த ரூமப் பத்தி மட்டும் வாயத் தொறந்துறாத."

மூன்று வருசம் திறக்கவில்லை. இன்று திறந்துவிட்டாள்.

மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சங்கரலிங்கம் தன் மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சாவி அங்கேதான் இருந்தது. முதலாளிக்குத் தூரத்துச் சொந்தம், ஐம்பது வயது, கம்ப்யூட்டர் ரூமுக்குப் பொறுப்பு. பொறுப்பு என்றால் காலையில் கதவைத் திறப்பது, ஏ.சி. போடுவது, டேப்பை மாற்றிப் போடுவது, சாயங்காலம் பூட்டுவது. மற்றதெல்லாம் ரெஜினா. ஆனால் ரெஜினாவின் இடம் அங்கே இல்லை. அருப்புக்கோட்டையில் இருக்கும் இந்த மில்லிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் தள்ளி, திருச்சுழியில் மில்லின் பருத்திக் கொள்முதல் டிப்போவில் வேலை பார்த்தாள்.

அது எப்படி என்றால், மில்லுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அதைக் கற்றுக்கொடுக்க மதுரையிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். சங்கரலிங்கத்தோடு நான்கு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஐந்தாம் நாள், படித்த ஆள் யாராவது வேண்டும் என்று கேட்டார். அப்போது டிப்போவில் டைப்பிஸ்டாக இருந்தவள் ரெஜினா. பி.எஸ்.ஸி. கணிதம், அதற்கு மேல் ஒரு வருசம் கம்ப்யூட்டர் டிப்ளமோ. அவர்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள். இன்ஜினியருக்கு அவள் போதுமானவளாக இருந்தாள். மில்லுக்கு அவள் ஒரு சங்கடமாக இருந்தாள்.

அந்த ரூமில் காலஞ்சென்ற பெரிய முதலாளியின் படம் இருக்கிறது, விளக்கு எரிகிறது, பெண்கள் நுழைகிற வழக்கமில்லை என்றார் தனுஷ்கோடி. ஸ்வீப்பர் சங்கரம்மாள் தினமும் அதைக் கூட்டித் துடைக்கிறாளே என்று ரெஜினா கேட்கவில்லை. காரணம் அவளுக்குத் தெரியும். கீழே நூல் பஞ்சு தலையில் ஒட்டி நிற்கிறவளின் மகள், அதுவும் எந்தத் தெருவிலிருந்து வருகிறவளின் மகள், மாடியில் ஏ.சி.யில் உட்கார்ந்தால் பார்க்கிற கண்கள் பொறுக்காது. அதை வாய்விட்டுச் சொல்ல யாருக்கும் தைரியமில்லை. அதனால் படத்தையும் விளக்கையும் சொன்னார்கள்.

இன்ஜினியர் சிரித்துவிட்டு, டிப்போவில் இருந்த சின்னக் கம்ப்யூட்டரோடு ஒரு மோடத்தைச் சேர்த்துக் கொடுத்தார். டெலிபோன் லயன் வழியாகவே மில் கம்ப்யூட்டருக்குள் போகலாம். நம்பரைச் சுற்றினால் மறுமுனையில் அது கிரீச்சென்று கத்தும், அப்புறம் பெயரைக் கேட்கும், பாஸ்வேர்டு கேட்கும். கொடுத்தால் உள்ளே விடும். மழை வந்தால் லயனில் குப்பை எழுத்துகள் கொட்டும். மாட்டு வண்டி கம்பத்தில் முட்டினால் அறுந்தே போகும். அப்படி இழுத்துக்கோ பறித்துக்கோ என்றுதான் மூன்று வருசம் ஓட்டினாள். ஸ்டாக், நூல் டெஸ்பாட்ச், சம்பளம், ஆட்களின் வருகை எல்லாம். யாருக்காவது டெர்மினல் திரை நின்றுவிட்டால் அருப்புக்கோட்டையிலிருந்து போன் வரும். அவள் திருச்சுழியிலிருந்தே சரி செய்வாள். சரியானதும், "சங்கரலிங்கம் அண்ணாச்சி கையி பட்டா மிசினு கேக்கும்" என்று கீழே பேசிக்கொள்வார்கள்.

அதுகூடப் போகட்டும்.

இந்த மில்லில் டெம்பரவரி ஆட்கள் இரண்டு வருசத்துக்குள் நானூற்று எண்பது நாள் வேலை பார்த்திருந்தால் பெர்மனென்ட் ஆக்கியாக வேண்டும். சட்டம் அப்படி. முன்பு வருகையைப் பேரேட்டில் பென்சிலால் எழுதினார்கள். நானூற்று எழுபதைத் தொட்டவளின் கணக்கு எப்படியோ முந்நூற்றுச் சொச்சமாகிவிடும். கம்ப்யூட்டர் வந்து ஒரு வருசம் கழித்து வருகையையும் அதில் ஏற்றி, பேரேட்டை நிறுத்தினார்கள். கம்ப்யூட்டரில் எப்படித் திருத்துவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. தெரிந்தவளிடம் கேட்க வெட்கமாக இருந்தது. ஆக, ரீலிங் செக்சனில் ஐம்பத்து மூன்று பெண்களின் கணக்கு முதல்முறையாக நிஜமான கணக்காக ஏறிக்கொண்டே போனது. அதில் சூசையம்மாள் நானூற்று எழுபத்தொன்று. இன்னும் ஒன்பது நாள்.

அப்போதுதான் ஆயுத பூஜை வந்தது.

மில்லில் அன்றைக்கு எந்த மிசினும் ஓடக்கூடாது. ஸ்பின்டில் நிற்கும், கார்டிங் நிற்கும், வாட்ச்மேன் பால்ச்சாமியின் சைக்கிள்கூடச் சந்தனம் வைத்துக்கொண்டு சும்மா நிற்கும். ரெஜினாவுக்கு இது தெரியும். அதனால் முதல் நாளே போனில் சங்கரலிங்கத்திடம் படித்துப் படித்துச் சொன்னாள். "அண்ணாச்சி, நாளைக்கு நானே லயன்ல வந்து மிசினத் தூங்க வைக்கிறேன். முடிச்சிட்டுப் போன் பண்ணுவேன். அதுக்கப்புறம் சுவிச்ச நிப்பாட்டுங்க. அது வரைக்கும் தொடாதீக." சரிம்மா, சரிம்மா என்றார்.

அன்று பன்னிரண்டே முக்காலுக்கு, வருகைக் கணக்கை மிசின் பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது, அவள் திரை செத்தது.

திரும்பத் திரும்ப நம்பரைச் சுற்றினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுநாள் விஜயதசமி காலை பத்து மணிக்கு அவரே கூப்பிட்டார்.

"ரெஜினாம்மா, மிசினு முழிச்சிருச்சு. ஆனா ஆளுக பேரு ஒண்ணையும் காணோமே."

"நேத்து நான் சொல்லுறதுக்கு முன்னாடி ஏன் அண்ணாச்சி கரண்ட நிப்பாட்டுனீக?"

"ஒண்ணரைக்கு ராகு காலம்மா. முதலாளி தேங்காயோட வந்து நிக்கிறாக. மிசினு ஓடிக்கிட்டு இருந்தா எப்படிப் பொட்டு வைக்க முடியும்?"

"சரி, இன்னைக்குச் சுவிச்சப் போட்டதும் என்ன வந்துச்சு?"

"இங்கிலீசுல ஒரே கேள்வியாக் கேட்டுச்சு. ஒவ்வொண்ணுக்கும் ஆமான்னா ஒய் அடி, இல்லன்னா என் அடின்னு. நானும் ஒய் ஒய்னு அடிச்சேன்."

பாதியில் கரண்ட் போன மிசின், விழித்ததும் அரைகுறையாக எழுதிய ஒவ்வொன்றையும் காட்டி, இதைத் தூக்கிப் போட்டுவிடவா என்று கேட்கும். தெரிந்த ஆள் என்றால் இல்லை என்று சொல்லி நிறுத்தி, முதலில் அதைக் காப்பாற்றுவார்கள். அந்த நேரத்தில் லயன் வழியாக உள்ளே போகவும் முடியாது. கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் வைத்ததுதான் சட்டம்.

"எத்தன வாட்டி அடிச்சீக?"

"வெரலு நொந்துருச்சும்மா."

"ஒரு வாட்டியாச்சும் என் அடிச்சீகளா?"

"வெசயதசமி அன்னைக்கு, பூச முடிஞ்சு மொத மொத மிசின் முன்னால உக்காந்திருக்கேன். நல்ல நாளும் அதுவுமா இல்லைன்னு அடிக்கச் சொல்றியா?"

அந்த ஆள்மேல் கோபப்படக்கூட முடியவில்லை. அவர் வீட்டில் அரிசி தீர்ந்தால்கூட நிறைஞ்சிருக்கு என்றுதான் சொல்வார்கள். இல்லை என்ற சொல்லைக் கேட்டுத் தாங்கிக்கொள்ள இவர்களால்தான் முடியாது. இல்லை, இல்லை என்று கேட்டே வளர்ந்தவளுக்கு அந்த 'என்' ஒரு சாதாரண எழுத்து.

தினமும் நகல் எடுத்து வைக்கிற டேப்பில் இருக்கும் என்று பார்க்கச் சொன்னாள். ஏழு டேப் கொடுத்திருந்தார்கள், நாளுக்கு ஒன்று. ஆறு டேப்பை உறை பிரிக்காமல் படத்துக்கு முன்னால் அடுக்கி, ஒரே டேப்பையே மூன்று வருசமாகத் தேய்த்திருந்தார் சங்கரலிங்கம். புதுசு வீணாகிவிடக் கூடாதாம். தேய்ந்த டேப்பில் இரைச்சல்தான் இருந்தது.

சனிக்கிழமை கேட்டில் அறிவிப்பு ஒட்டினார்கள். வருகைக் கணக்கு அழிந்துவிட்டதால் டெம்பரவரி ஆட்கள் எல்லாருக்கும் ஒன்றாம் நாளிலிருந்து புதுக் கணக்கு. யார் அழித்தது என்று அறிவிப்பில் இல்லை. ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் ரீலிங் செக்சன் முழுக்கத் தெரிந்துவிட்டது: சூசையம்மாள் மகள், திருச்சுழியில் உட்கார்ந்து எதையோ தட்டி அழித்துவிட்டாள். நானூற்று எழுபத்தாறில் இருந்த ஒச்சம்மாள், தூக்குவாளியை நகர்த்தி வைத்துக்கொண்டு சொன்னாள்: "ஒம் மகளப் படிக்க வச்சதுக்கு எங்க வாயில மண்ணு விழுந்துச்சு."

சூசையம்மாள் அன்று சாப்பிடாத சோற்றை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்து எம்.ரெட்டியபட்டியில் இருக்கும் வீட்டுக்கு நடந்து வரும்போது மகளிடம் சொன்னாள். "மேனேஜரு ஏதோ கையெழுத்துக் கேக்காராம். போட்டுக் குடுத்துருத்தா. எம் பெர்மனென்ட்டுதான் போச்சு. ஒன் வேலையாச்சும் நிக்கட்டும்."

"நான் பண்ணலம்மா."

"பண்ணலைன்னு யாரு இப்பக் கேட்டா?"

அந்தக் கையெழுத்துக்கான கடிதம்தான் நூல் கோனுக்கு அடியில் படபடத்துக்கொண்டிருந்தது. 'திருச்சுழி டிப்போவிலிருந்து தொலைபேசி வழியாக வேலை செய்தபோது என் கவனக்குறைவால் வருகைப் பதிவு முழுவதும் அழிந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.'

"சாவி எதுக்கு?" என்றார் தனுஷ்கோடி.

"மிசின்ல வர்ற கேள்வியும் அடிக்கிற பதிலும் ஒரு பிரிண்டர்ல தானா அடிச்சுக்கிட்டே இருக்கும் சார். இன்ஜினியர் மாட்டிட்டுப் போனது. நான் லயன்ல எப்ப வந்தேன், எப்ப அறுந்துச்சு, மறுநாள் யாரு என்ன அடிச்சான்னு நேரத்தோட அந்தப் பேப்பர்ல இருக்கு."

சங்கரலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்த ரூமுக்குப் பொம்பளப் பிள்ளைக போறதில்லன்னு ஒனக்குத் தெரியுமில்ல?"

"மூணு வருசமாத் தெனமும் உள்ள போயிட்டுதான் வாரேன் சார். செருப்பக்கூடக் கழட்டல."

தனுஷ்கோடியின் முகம் சிவந்தது. "வாய் ரொம்ப நீளுது. ஒன்னைய வேலைக்கு எடுத்ததே பெருசு. கீழ ஒங்க ஆத்தா நிக்கிறா, நெனப்பிருக்கட்டும்."

"நெனப்பு இருக்கறதுனாலதான் சார் கேக்குறேன்."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். பிறகு, போகிற போக்கில் கேட்பதுபோலக் கேட்டார். "ஏம்மா, அந்தக் கணக்குக்குக் காப்பி கீப்பி எதுவும் ஒங்கிட்ட இல்லைல்ல?"

அந்தக் கேள்வியில்தான் ரெஜினாவுக்கு எல்லாம் விளங்கியது. கணக்குப் போய்விட்டதே என்று தவிக்கிற ஆள் காப்பி இருக்கா என்று கேட்பான். இவர் இல்லைல்ல என்று கேட்கிறார். சங்கரலிங்கத்தின் முட்டாள்தனம் இவருக்கு ஆயுத பூஜைப் பரிசாகக் கிடைத்திருக்கிறது. இரண்டு வருசமாகத் திருத்த முடியாத கணக்கு ஒரே காலையில் தானாக அழிந்தது. இப்போது அதன்மேல் இவள் பெயரை எழுதி மூடினால் வேலை முடிந்தது.

"இருக்கு சார்" என்றாள். "சங்கரலிங்கம் அண்ணாச்சி டேப்ப நம்பி நான் என்னைக்கும் உக்காந்ததில்ல. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை லயன்ல இழுத்து டிப்போ பிளாப்பியில வச்சிருக்கேன். லீவு வருதேன்னு இந்த வாட்டி புதன்கிழமையே எடுத்துட்டேன். அன்னைக்கு வரைக்கும் ஐம்பத்து மூணு பேருக்கும் நாள் நாளா இருக்கு."

"உக்காரும்மா" என்றார் தனுஷ்கோடி.

அவர் அவளை உட்காரச் சொன்னது இதுவே முதல் தடவை. அவள் உட்காரவில்லை.

"சின்னப் பிள்ள நீ. ஒனக்கு எதுக்கு இந்தத் தலவலி? பிளாப்பிய இங்க கொண்டாந்து குடு. நாளையிலருந்து நீ மாடியிலேயே உக்காரு. ஏ.சி. ரூமு. ஆர்டர் அடிச்சுத் தாரேன், கம்ப்யூட்டர் இன்சார்ஜுன்னு. முதலாளிகிட்ட நான் பேசிக்கிடுறேன். ஒங்கம்மா விசயம் இருக்கே, அதையும் நான் தனியாப் பாத்துவிடுறேன். அவுக ஒருத்திக்குப் பெர்மனென்ட் போட்டுக் குடுக்குறதுல ஒண்ணும் இல்ல." சங்கரலிங்கத்தின் பக்கம் கையை நீட்டினார். "சாவிய எடும் ஓய்."

மடியிலிருந்து சாவி வந்தது. கறுப்புக் கயிற்றில் கட்டிய சின்னப் பித்தளைச் சாவி. கடிதத்தின் மேல் வைத்து அவள் பக்கம் தள்ளினார்.

"போ. ஒம் ரூமப் போயிப் பாரு."

ரெஜினா சாவியை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லி ஒரு அட்டை தொங்கியது. கழற்றவில்லை.

பத்துக்குப் பத்து ரூம். ஒரு ஜன்னல், அதிலும் அட்டை. மாலை காய்ந்த படம். மேசையின் கீழே ஒரு இரும்புப் பெட்டி, அரை மூட்டை அரிசியை நிறுத்தி வைத்த உயரம். அதன் காற்றோட்டக் கம்பிகளில் சந்தனத்தை அப்பி அடைத்திருந்தார்கள். பிளாப்பி போடுகிற வாயில் குங்குமம். பக்கத்தில் அவளுடைய டிப்போவில் இருப்பது போலவே ஒரு மோடம், சிவப்பாக ஒரு புள்ளி எரிந்துகொண்டு. மூன்று வருசமாக அவள் நுழைந்து வெளியேறியது அந்தப் புள்ளி வழியாகத்தான். இந்த ரூமுக்காகவா அம்மா மூன்று வருசம் பயந்தாள்? இதற்காகவா இத்தனை படமும் விளக்கும்? அடுப்படியைவிடச் சின்ன இடம். ஏ.சி.கூடச் சரியாகக் குளிரவில்லை.

சேலை முந்தானையால் கம்பிகளில் இருந்த சந்தனத்தைத் துடைத்துவிட்டாள். மிசின்மேல் அவளுக்குக் கோபம் இல்லை.

பிரிண்டருக்குப் பின்னால் பேப்பர் மடிப்பு மடிப்பாகத் தரையில் விழுந்து கிடந்தது. தூக்கிப் பார்த்தாள். வியாழன் பன்னிரண்டு நாற்பது, அவள் பெயர், அவள் கடைசியாக அடித்த வரி. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. வெள்ளி ஒன்பது பன்னிரண்டிலிருந்து கேள்வி, ஒய். கேள்வி, ஒய். பக்கம் பக்கமாக ஒய். கிழித்தாள். மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கினாள்.

தனுஷ்கோடி அதற்குள் காபி வரவழைத்திருந்தார். ஆடை படிந்திருந்தது. அவள் சாவியைக் கடிதத்தின் மேல் வைத்தாள். பேனாவை எடுத்தாள். அவர் முகத்தில் இறுக்கம் தளர்ந்தது. கையெழுத்துக்கான புள்ளிக் கோட்டின் மேல் நிதானமாக எட்டு எழுத்தை எழுதினாள்.

"என்னது இது? ஒம் பேரு இல்லையே?"

"பாஸ்வேர்டு சார். மில்லுச் சொத்து, மில்லுக்கே குடுத்துட்டேன். இனிமே நீங்களே உள்ள போயி வாங்க. லயன்ல வரவேணாம், படியேறிப் போனாலே போதும்."

"ஏ பிள்ள, வெளையாடுறியா? பிளாப்பி எங்க?"

"பிளாப்பி பத்திரமா இருக்கு. அதுல உள்ளத சனிக்கிழமையே அடிச்சு எடுத்துட்டேன். ஐம்பத்து மூணு பேரு, பேருக்கு ரெண்டு பக்கம். இந்தா பையில இருக்கு. பஸ் ஏறும்போதே முடிவு பண்ணிட்டுதான் சார் வந்தேன், விருதுநகர் லேபர் ஆபீசுக்குப் போறதுன்னு. இந்தப் பேப்பர் ஒண்ணுதான் கொறஞ்சுச்சு."

"இந்த கேட்டத் தாண்டுனீன்னா ஒனக்கு வேல இல்ல. ஒங்க ஆத்தாளுக்கும் இல்ல."

"எங்கம்மாவ நிப்பாட்டுறதுன்னா காரணம் எழுதிக் குடுத்து நிப்பாட்டுங்க. அவுக நானூத்தி எழுபத்தொரு நாள் இங்க நின்ன ஆளு."

சங்கரலிங்கம் எழுந்து நின்றார். தடுக்கப் போகிறார் என்று நினைத்தாள். அவர் பேப்பர்க் கட்டையே பார்த்தபடி மெதுவாகக் கேட்டார். "எம் பேரு வருமாம்மா அதுல?"

"நீங்க அடிச்சது வரும் அண்ணாச்சி. ஏன் அடிச்சீகன்னு கேட்டா நீங்கதான் சொல்லணும்."

ரீலிங் செக்சனைத் தாண்டித்தான் கேட்டுக்குப் போக வேண்டும். கதவு திறந்திருந்தது. பஞ்சுப் புகைக்குள் சூசையம்மாள் தலையை நிமிர்த்தினாள். மகளின் கக்கத்தில் இருந்த கட்டைப் பார்த்தாள். வேண்டாம் என்பதுபோலத் தலையை ஆட்டினாள். ஒச்சம்மாளும் பார்த்தாள், அவள் கை சிட்டத்தின் மேல் அப்படியே நின்றது. ரெஜினா நிற்கவில்லை. நின்றால் அம்மா ஏதாவது சொல்வாள், சொன்னால் கேட்கத் தோன்றிவிடும்.

கேட்டில் பால்ச்சாமி கையை நீட்டி மறித்தார். வெளியே போகிற பெண்கள் எல்லாரும் பையை விரித்துக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அவளும் விரித்தாள். அவர் கையை விட்டுத் துழாவினார். அச்சடித்த தாள்களை விரலால் தள்ளிவிட்டு, அடியில் ஏதாவது பதுங்கியிருக்கிறதா என்று பார்த்தார். கக்கத்துக் கட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நூலைத் தவிர இந்த மில்லிலிருந்து வெளியே போகக்கூடிய பொருள் வேறு எதுவும் இருப்பதாக அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

"நூலு கீலு இல்லைல்ல?"

"இல்ல" என்று சத்தமாகவே சொல்லிவிட்டு, ரெஜினா கேட்டைத் தாண்டி வெயிலுக்குள் நடந்தாள்.